சலான்

சனிக்கிழமை மாலை ஆறரைக்குச் சம்பளம் நின்றது.
காரணம் ஒரு பொத்தான்.

குழந்தைச் சட்டையின் தோளில்
இரண்டு பொத்தானை மூன்றாக்கச் சொல்லி
ஹாம்பர்க்கிலிருந்து மெயில்.
மதியம் நான்தான் மாற்றினேன், ஒரே வரி.
அது எங்கெங்கோ சுற்றிப் போய்
ஓவர்டைம் கணக்கின் கழுத்தைப் பிடித்தது.
பதினோரு வருடமாகப் பலர் எழுதிய ஒற்றை நிரல்:
நூல் கொள்முதலும் கேண்டீன் டோக்கனும்
ஒரே வயிற்றில்.
ஒருவர் இருமினால்
எல்லோருக்கும் கஷாயம்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாசலில்.
கணக்குப் பிரிவு கருணாம்பிகை திட்டவில்லை.
"ஏனுங், பொத்தானுக்கும் சனத்தோட கூலிக்கும்
என்னங்க சம்பந்தம்?"
பதில் தெரியும் எனக்கு.
சொல்ல வாய் வரவில்லை.
நோட்டில் எழுதி, கையால் எண்ணிக் கொடுத்து முடிக்க
ஒன்பதரை ஆனது.

அச்சுக்குப் போன துணி இன்னும் திரும்பவில்லை என்று
டெம்போ கிளம்பியது.
அலுவலகத்தில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல்
நானும் ஏறிக்கொண்டேன்.

மங்கலம் சாலையில் ஒரு கேட், வீரபாண்டியில் ஒரு கேட்.
எங்கே நின்றாலும் ஒரே கேள்வி:
"சலான்?"
லாட் எண், நிறம், எடை, எத்தனை ரோல்,
என்ன வேலை, என்றைக்கு வேண்டும்.
நீட்டினால் துணி உள்ளே போகும்.
உள்ளே மேசை எத்தனை, மிஷின் எந்த ஊர்,
யாரும் கேட்பதில்லை.
போன மாதம் கைமேசைகளை விற்றுவிட்டு
எட்டு வண்ண மிஷின் இறக்கினாராம் அச்சுக்கார இருதயராஜ்.
சலானில் ஓர் எழுத்து மாறவில்லை.

அன்று அங்கே கரண்ட் இல்லை.
"காலைல எட்டுக்குத்தானுங்க" என்றார்.
டிரைவர் குப்புராஜ் போனில் நாலு வார்த்தை பேசினார்.
கட்டிங் மேசை வேறு லாட்டை விரித்துக்கொண்டது.
அவ்வளவுதான்.
அச்சு இருண்டதற்காக
திருப்பூரில் ஒரு ஊசியும் நிற்கவில்லை.

"ஒரே சலானு ரெண்டுவாட்டி வந்துருமுங்க சிலப்போ,
நெம்பரப் பாத்து ஒண்ணத்தான் ஏத்துவோம்."
டார்ச் வெளிச்சத்தில் பேரேட்டைக் காட்டினார் இருதயராஜ்.
இதற்கு நாங்கள் நாக்கு சுளுக்கும் ஒரு பெயர் வைத்து
மாநாடுகளில் பேசுகிறோம்.
அவர் சிவப்பு மையில் ஒரு டிக் போட்டிருந்தார்.

மறுவாரம் அறுக்கத் தொடங்கினேன்.
முதலில் கூலியை.
எளிதாக வரவில்லை; எங்கே கத்தி வைத்தாலும்
நாலைந்து நரம்பு துடித்தது.
தையல் எங்கே முடிகிறது, எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது?
கோடு போட்டது கருணாம்பிகை,
டீக்கறை படிந்த அட்டையில்:
"கூலிக்கு நெறமெல்லாம் வேண்டாமுங்க.
யாரு, எத்தன பீஸு, என்ன ரேட்டு. தீந்துது."
நான் மூன்று நாள் வரைந்த படத்தைச்
சத்தமில்லாமல் மடித்து வைத்தேன்.

ஆனால் பிரித்துவிட்டால் எல்லாம் சுத்தம் என்று
நான் நம்புவதில்லை.
தினமும் நொய்யல் பாலத்தைக் கடந்துதான் வருகிறேன்.
அவரவர் சலான் அவரவருக்குச் சரியாக இருந்த வருடங்களில்தான்
ஆறு ஒருநாள் சிவப்பாகவும்
ஒருநாள் ஊதாவாகவும் ஓடியது.
எந்தச் சலானிலும்
ஆற்றுக்கு ஒரு கட்டம் இல்லை.
அதனால் ஒரு சிறு நிரல் தனியே எழுதினேன்.
அது யார் வேலையையும் செய்யாது.
ஒவ்வொரு கேட்டுக்கும் வெளியே நின்று
என்ன கசிகிறது என்று மட்டும் பார்க்கும்.
இதற்கு எந்த வவுச்சரில் பணம் என்று முதலாளி கேட்டார்.
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை
அச்சுச் சேவை விழுந்தது,
என்னுடைய இன்னொரு ஒற்றை வரியால்.
ஆறரைக்குக் கூலி போனது.
ஒருவரும் கவனிக்கவில்லை.
கருணாம்பிகை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
"வர்றனுங்க" என்று போனார்.
கேட்டுக்கு வெளியே
போண்டாக் கடையில் கூட்டம்.

எரியும் திரையில், மூலையில்
ஒரு வரி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது:

அச்சு: பதில் இல்லை.
ஒரு நிமிடம் பொறுத்து
மறுபடி கேட்கிறேன்.